ரசாயனத் தொழிலும் நம்ம ஊரும்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் சின்னப் பட்டறை நடத்துகிறவர்கள், தென்பெண்ணை ஓரம் நிலம் வைத்திருப்பவர்கள், சேகோ (ஜவ்வரிசி) ஆலை, மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர்கள், வேலை தேடும் பிள்ளைகள் என்று பலரிடமிருந்தும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றாமல், பதிலை மட்டும் ஒழுங்குபடுத்தி இங்கே தொகுத்திருக்கிறோம்.

1. நம்ம பக்கம் பெரிய கெமிக்கல் ஃபேக்டரியே இல்லையே, இதப் பத்தி நாம ஏன் பேசணும்?

வாசல் பலகையில் 'கெமிக்கல்ஸ்' என்று இருந்தால்தான் ரசாயனத் தொழில் என்றில்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு வண்டி பாகம் வெளியே போவதற்குள் கிரீஸ் நீக்கும் காரம், துரு நீக்கும் அமிலம், துத்தநாகப் பூச்சு, பெயின்ட் என நான்கைந்து ரசாயனத் தொட்டிகளைத் தாண்டிவிடுகிறது. மாங்கூழ் ஆலையில் குழாய் கழுவுவது காஸ்டிக் சோடா. பட்டு நூலின் பசை நீங்குவது சோப்பிலும் சோடாவிலும். ராயக்கோட்டை தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் வரும் பிவிசி குழாயும், போடுகிற உரமும், அடிக்கிற மருந்தும் இதே தொழிலின் சரக்கு.

மேட்டூர், மணலி, கடலூர், தூத்துக்குடி ஆகிய இடங்களில் மூலப்பொருள் தயாராகிறது. நம் இரு மாவட்டங்கள் பெரும்பாலும் அதை வாங்கிப் பயன்படுத்துபவை. பயன்படுத்துகிற இடத்தில்தான் கழிவு கண்ணுக்குத் தெரியாமல் நூறு பட்டறைகளில் சிதறிக் கிடக்கும். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

2. நாட்டுக்கு இதால எவ்வளவு வருமானம்? சும்மா பெருசாச் சொல்றாங்களா?

அரசு வழக்கமாகச் சொல்லும் கணக்குப்படி இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 7 சதவீதம் ரசாயனத் துறையுடையது. 80,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் இதில் அடங்கும். ஆனால் சதவீதத்தைவிட, ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் விதம்தான் முக்கியம்.

காஸ்டிக் சோடாவையே பாருங்கள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி அதை எடுக்கிறார்கள். 1 டன் காஸ்டிக் எடுத்தால் கூடவே சுமார் 887 கிலோ குளோரினும் 25 கிலோ ஹைட்ரஜனும் வந்தே தீரும்; மின்சாரம் 2,000 யூனிட்டுக்கு மேல். குளோரினை நாள்கணக்கில் குவித்து வைக்க முடியாது. அது பெருமளவில் போய்ச் சேரும் இடம் பிவிசி. எனவே குழாய் விற்பனை மந்தமானால் குளோரின் தேங்கும், ஆலை உற்பத்தியைக் குறைக்கும், காஸ்டிக் விலை ஏறும். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை குழாய் கழுவ வாங்கும் காஸ்டிக்கின் விலை, எங்கோ வீடு கட்டுகிறவர் வாங்கும் குழாயோடு கட்டுண்டு கிடக்கிறது. இந்தத் துறையில் ஒரு பொருளை மட்டும் தனியாக நிறுத்திவிட முடியாததற்கும் இதுதான் காரணம்.

3. கிரீன் கெமிஸ்ட்ரி, சஸ்டெய்னபிலிட்டின்னு சொல்றாங்களே, மரம் நடறதுங்களா?

மரம் நடுவது நல்லது. ஆனால் அது வேறு. பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் இருவரும் 1998-இல் வகுத்தார்கள். முதல் கொள்கையே, கழிவு வந்த பிறகு சுத்தம் செய்வதைவிட வராமல் தடுப்பது மேல் என்பது. அதற்கு முன்பே, 1992-இல் ரோஜர் ஷெல்டன் ஓர் எளிய அளவுகோல் கொடுத்தார்: 1 கிலோ சரக்கு செய்ய எத்தனை கிலோ கழிவு? பெரிய அளவில் செய்யும் ரசாயனங்களுக்கு 1 முதல் 5 கிலோ. மருந்து மூலப்பொருட்களுக்கு 25 முதல் 100 கிலோவும் அதற்கு மேலும். அந்தக் கழிவில் பெரும்பகுதி கரைப்பான்.

இதை எந்தப் பட்டறையிலும் செய்து பார்க்கலாம். ஒரு மாதம் வாங்கிய ரசாயனத்தின் எடை, சரக்கில் ஏறிப்போன எடை, ஸ்லட்ஜாக (கழிவுச் சேறாக) அனுப்பிய எடை மூன்றையும் எழுதுங்கள். துத்தநாகம் 100 கிலோ வாங்கி, பாகத்தின் மேல் 70 கிலோதான் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 30 கிலோ எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்த மாற்றத்தின் தொடக்கம். காசு கொடுத்து வாங்கியதைத்தான் சாக்கடையில் விடுகிறோம். விட்டதைச் சுத்தம் செய்ய மறுபடியும் காசு கொடுக்கிறோம்.

4. கூரை மேல சோலார் போட்டுட்டா போதாதுங்களா?

மற்றத் தொழில்களுக்கு அது பாதி வழி. ரசாயனத் துறைக்கு அவ்வளவு இல்லை. உலக அளவில் இந்தத் துறைக்குள் போகும் எரிபொருளில் ஏறக்குறைய பாதி எரிக்கப்படுவதே இல்லை. அதுவே மூலப்பொருளாகி பிளாஸ்டிக்காகவும் உரமாகவும் மாறுகிறது. அந்தப் பாதிக்கு சோலார் பதிலாகாது. கரும்புச் சக்கைப்பாகு, மாவுச்சத்து, பழைய பிளாஸ்டிக் என்று வேறு கரி (கார்பன்) மூலப்பொருள் தேட வேண்டும்.

5. தண்ணி நிறைய விட்டாதானே பார்ட் சுத்தமா வரும்? பிளேட்டிங்ல தண்ணிய எப்படிக் குறைக்கறது?

பிளேட்டிங்கில், அதாவது உலோகப் பூச்சு வேலையில், பாகங்களை மாட்டும் சட்டமான ரேக்கைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் கரைசல்தான் எல்லாவற்றுக்கும் வேர். ரேக்கைத் தொட்டியின் மேலேயே 10 முதல் 15 விநாடி நிறுத்துங்கள். பாகத்தின் துளையும் குழிவும் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். பேரல் (சிறு பாகங்களைப் போட்டுச் சுழற்றும் துளையிட்ட உருளை) என்றால் தூக்கிய பின் இரண்டு சுற்றுச் சுற்றவிடுங்கள். செலவில்லாத வேலை இது. நடுத்தரப் பட்டறையில் பெரும்பாலும் நடக்காத வேலையும் இதுவே, ஏனென்றால் கூலி ரேக் கணக்கில் இருக்கிறது.

அடுத்தது கழுவும் தொட்டிகள். ஒட்டி வந்த 1 லிட்டரை 1,000 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும் என்று கொள்வோம். ஒரே தொட்டியில் கழுவினால் 1,000 லிட்டர் தண்ணீர். இரண்டு தொட்டி வைத்து, பாகம் போகும் திசைக்கு எதிராகத் தண்ணீரை ஓடவிட்டால் சுமார் 32 லிட்டர். மூன்று தொட்டி என்றால் 10 லிட்டர். இது தொட்டிக்குள் நன்றாகக் கலக்கும்போது கிடைக்கும் கணக்கு; நடைமுறையில் இரண்டு மடங்கு ஆனாலும் லாபம் பெரிது.

தவறு எங்கே நடக்கிறது? மூன்று தொட்டியும் கட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் வைத்துவிடுவார்கள். அது எதிர்த்திசை ஓட்டமே இல்லை, தண்ணீர் குறையாது. தொட்டிக்குள் காற்றுக் குமிழி விட்டுக் கலக்காவிட்டாலும் பாகத்தின் மேல் கறை நிற்கும். முதல் கழுவுநீரை மறுபடி பிளேட்டிங் தொட்டிக்கே ஊற்றலாம். ஆனால் ஆசிட் ஜிங்க் (அமிலக் கரைசலில் துத்தநாகப் பூச்சு) போல அறை வெப்பத்தில் ஓடும் தொட்டியில் ஆவியாதல் குறைவு என்பதால் கொஞ்சம்தான் இடம் கிடைக்கும். கூடவே இரும்பும் திரும்பி வந்து சேரும். இரும்பை வடிகட்டி எடுக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் பூச்சு கருக்கத் தொடங்கும்.

6. மஞ்சள் பாசிவேஷன் போயி எல்லாரும் டிரைவேலன்ட் கேக்கறாங்களே, ஏன்?

பாசிவேஷன் என்பது துத்தநாகப் பூச்சைக் காக்க அதன் மேல் போடும் மெல்லிய குரோமியப் படலம். அதற்கு மஞ்சள் நிறம் தருவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது, நீரில் கரைந்து நிலத்தடிக்கு இறங்கக் கூடியது. 2007 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் வாகனப் பாகங்களில் அதை விலக்கியது. அந்தக் கட்டளை கொள்முதல் ஆணை வழியாக ஓசூர் வரை வந்து சேர்ந்தது. டிரைவேலன்ட் என்பது மூன்று இணைதிறன் குரோமியம்; நச்சு மிகக் குறைவு.

இன்னும் பழைய தொட்டி ஓடுகிறது என்றால் கழிவைச் சுத்தம் செய்யும் வரிசை தவறக்கூடாது. முதலில் அமிலம் விட்டு பிஎச் 2 முதல் 3-க்குள் கொண்டுவர வேண்டும். பிறகு சோடியம் மெட்டாபைசல்ஃபைட்: 1 கிலோ குரோமியத்துக்குக் கணக்குப்படி 2.74 கிலோ, நடைமுறையில் 3 கிலோவுக்குக் குறையாமல். ஆரஞ்சு நிறம் போய்ப் பச்சையானால் மாற்றம் முடிந்தது. அதற்குப் பிறகே சுண்ணாம்பு விட்டு பிஎச் 8-9-க்கு ஏற்றிப் படிய வைக்க வேண்டும். பலரும் அவசரத்தில் பச்சை வருமுன்பே சுண்ணாம்பு கொட்டிவிடுகிறார்கள். ஆறு இணைதிறன் குரோமியம் சுண்ணாம்பில் படியாது. தெளிந்த நீரே வெளிறிய மஞ்சளாக வெளியேறும். நீர்நிலைக்கு விட அனுமதிக்கப்பட்ட எல்லை லிட்டருக்கு 0.1 மி.கி. மட்டுமே. கண்ணுக்கு மஞ்சள் தெரிந்தாலே எல்லையைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஸ்லட்ஜ் பாக்க மண்ணு மாதிரிதானே இருக்கு, பள்ளத்துல கொட்டினா என்னங்க?

மழை பெய்தால் அந்த 'மண்' மறுபடி கரையும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியல் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். சுற்றியுள்ள நிலத்தடி நீரை அது கெடுத்த கதை பாலாற்றுப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆலை சம்பாதித்த காலம் கொஞ்சம், கழிவு கிடக்கிற காலம் நீளம்.

சட்டப்படி அபாயக் கழிவை வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கூரையுள்ள, கசியாத தரையில் வைத்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள பொதுக் கழிவு நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்துக்குப் படிவத்தோடு அனுப்ப வேண்டும். அங்கே காசு எடைக்கு. ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து (சேற்றை அழுத்திப் பிழியும் எந்திரம்) வரும் ஸ்லட்ஜில் முக்கால் பங்கு தண்ணீர். 1,000 கிலோ ஈர ஸ்லட்ஜை ஈரம் 40 சதவீதமாகும் வரை நிழல்கூரையில் உலர்த்தினால் 417 கிலோதான். லாரி வாடகையும் கட்டணமும் பாதிக்கு மேல் குறையும்.

8. கெலவரப்பள்ளி அணையில நுரை மலை மாதிரி பொங்குதே, அது ஓசூர் கம்பெனிங்க விடறதுதானே?

இடத்தை முதலில் பாருங்கள். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கிழக்குப் பக்கமாக ஓடி, பிறகே கெலவரப்பள்ளிக்கு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் இந்த ஆற்றில்தான் கலக்கிறது. அதாவது ஒரு மாநகரத்தின் சாக்கடை. அதில் ஆலைக் கழிவும் உண்டு, லட்சக்கணக்கான வீடுகளின் துணி சோப்புத் தூளும் உண்டு.

சோப்புத் தூளில் உள்ள நுரைப்பான், ஆக்சிஜன் இருக்கும் நீரில் சில நாளில் சிதைந்துவிடும். சாக்கடையில் ஆக்சிஜனே இருக்காது என்பதால் சிதையாமல் வரும். மதகைத் திறந்ததும் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு அடிபட, நுரை எழும்புகிறது. எனவே நுரையின் அளவை வைத்து நச்சின் அளவைச் சொல்ல முடியாது. நுரையே இல்லாத தண்ணீரிலும் குரோமியம் இருக்கலாம். உங்கள் கிணறு ஆற்றோரம் என்றால் ஆய்வகத்தில் நுரைப்பான், நைட்ரேட், கன உலோகம் மூன்றையும் கேளுங்கள். குடிநீருக்கு நுரைப்பான் எல்லை லிட்டருக்கு 0.2 மி.கி.; வேறு வழியே இல்லாவிட்டால் 1 மி.கி.

9. தருமபுரி தண்ணில ஃப்ளோரைடு இருக்கே, அதுவும் ஃபேக்டரியாலதானா?

இல்லை. அது பாறையிலிருந்து வருகிறது. நம் கருங்கல் பாறையில் ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் அதோடு நெடுநாள் ஒட்டிக் கிடந்து கரைத்து எடுக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது இதற்காகவே. எல்லை லிட்டருக்கு 1 மி.கி., அதிகபட்சம் 1.5. தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் இன்னும் அடர்த்தியாகும். பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற வீடுகளில் இதை அவசியம் சொல்லுங்கள்.

10. போச்சம்பள்ளியில பேட்டரி வண்டி வந்துட்டதால இனிமே புகையில்லாத தொழில்தானே?

வண்டி ஓடும்போது புகை இல்லை. ஆனால் பேட்டரி செல் செய்வது முழுக்க ரசாயன வேலை. நேர்மின்வாய்ப் பொடியைக் குழைக்கப் பொதுவாகப் பயன்படும் கரைப்பானுக்குச் சுருக்கப் பெயர் என்எம்பி. கருவுக்குத் தீங்கு செய்யக் கூடியது, 202 டிகிரியில்தான் கொதிக்கும். உலர்த்தும் அடுப்பிலிருந்து வரும் ஆவியைக் குளிர்வித்துப் பிடித்து மறுபடி பயன்படுத்துவதில்தான் அந்த ஆலையின் சுத்தமும் லாபமும் இருக்கிறது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன.

11. ஜீரோ டிஸ்சார்ஜ்னு போர்டு போட்டிருக்காங்களே, அப்ப கழிவே இல்லைன்னு அர்த்தமா?

திரவம் வெளியே போகவில்லை என்றுதான் அர்த்தம். உப்பு எங்கேயும் மறையாது. உயிரியல் தொட்டி, வடிகட்டி, ஆர்ஓ, மிச்ச உப்புநீருக்கு ஆவியாக்கி என்று வரிசையாகப் போய், கடைசியில் மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பு நிற்கும். ஒரே வகை உப்பாக இருந்தால் விற்கலாம். கலப்பு உப்பை யாரும் வாங்க மாட்டார்கள். 7-ஆம் பதிலில் சொன்ன வழிதான்.

செலவு முழுவதும் ஆவியாக்கியில். 1,000 லிட்டர் நீரை நேராகக் கொதிக்கவைத்து ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். நான்கு அடுக்கு ஆவியாக்கி என்றாலும் சுமார் 300 கிலோ நீராவி. ஆர்ஓ அதே நீருக்குச் சில யூனிட்டில் வேலையை முடிக்கும். அதனால் ஆவியாக்கிக்குப் போகும் ஒவ்வொரு வாளியையும் முன்கூட்டியே குறைக்க வேண்டும்; 5-ஆம் பதிலின் மூன்று தொட்டி இங்கேதான் காசாகிறது. உப்பு அதிகமான கழிவையும் குறைவான கழிவையும் ஒரே தொட்டியில் கலந்துவிடுவது மிகப் பெரிய தவறு. கலந்த பிறகு எல்லாமே உப்புநீர்.

12. ஈடிபி தொட்டி அடைச்சுக்கிச்சு, ரெண்டே நிமிஷம்தான், ஆளை இறக்கலாமா?

ஈடிபி என்னும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது. தேங்கிய ஸ்லட்ஜைக் கிளறியதும் ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 500-க்கு மேல் மயங்கி விழ நேரமாகாது. 'நாத்தம் போயிடுச்சு' என்று இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் சேர்ந்து செத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பம்ப் போட்டு எடுங்கள். இறங்கியே ஆக வேண்டும் என்றால் காற்றோட்டம், வாயுமானி, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல், இடுப்பில் கயிறு, மேலே பிடித்துக்கொள்ள இருவர், தனிச் சுவாசக் கருவி இத்தனையும் வேண்டும்.

இன்னொன்று: சயனைடு தொட்டியின் கழுவுநீரும் அமிலக் கழுவுநீரும் ஒரே வாய்க்காலில் ஓடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் உயிர்க்கொல்லி வாயு. சயனைடை பிஎச் 10-க்கு மேல் வைத்துத் தனியாக ஹைப்போகுளோரைட்டால் முறித்த பிறகே மற்றக் கழிவோடு சேர்க்க வேண்டும்.

13. சேகோ ஃபேக்டரி கழிவுத் தண்ணில கேஸ் எடுக்கலாம்கறாங்க, நிஜமாவே கட்டுப்படியாகுமா?

கணக்கு நன்றாகவே வரும். 1 கிலோ மாவு நீரில் போனால் அதைச் சிதைக்க 1.18 கிலோ ஆக்சிஜன் தேவை உண்டாகிறது. அந்தத் தேவையில் 1 கிலோ நீங்கினால் 0.35 கன மீட்டர் மீத்தேன். வீட்டுச் சிலிண்டர் ஒன்றுக்குச் சமமான வெப்பம் தர சுமார் 18 கன மீட்டர் வேண்டும். ஆக 44 கிலோ, நடைமுறையில் 55 கிலோ மாவு கழிவுநீரில் போகும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் ஓடையில் போகிறது.

கெடுவது மூன்று காரணங்களால். முதலாவது, குச்சிக்கிழங்குக் கழிவு சீக்கிரம் புளிக்கும், பிஎச் 6.8-க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் தரும் நுண்ணுயிர் படுத்துவிடும். சீசன் தொடக்கத்தில் ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் விடாமல், கால் பங்கில் ஆரம்பித்து ஏற்ற வேண்டும். இரண்டாவது, வெண்மைக்காக விடும் பிளீச்சிங், அமிலம் கலந்த தண்ணீர். அதைத் தனி வாய்க்காலில் பிரிக்கவில்லை என்றால் நுண்ணுயிர் சாகும். சல்பேட் சேர்ந்து வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு ஏறி ஜெனரேட்டரை அரிக்கும். மூன்றாவது, கிழங்குத் தோலில் உள்ள சயனைடு. தோலை முதலிலேயே உலர்நிலையில் நீக்கிவிட்டால் பெருமளவு தவிர்க்கலாம்.

14. மாங்கொட்டையும் தோலும் லாரி லாரியா வீணாப் போகுதே, அதுல கெமிக்கல் எடுக்க முடியாதா?

முடியும். தோலில் பெக்டின், பருப்பில் கொழுப்பு. கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகச் சாக்லேட்டில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் ஆறு கொழுப்புகளில் மாம்பருப்புக் கொழுப்பும் ஒன்று. பெக்டின் எடுக்க, தோலை பிஎச் 2 அளவு அமில நீரில் 80-90 டிகிரியில் வைத்து, வடித்த நீரில் ஆல்கஹால் சேர்த்துத் திரளவைக்கிறார்கள்.

தடங்கல் வேதியியலில் இல்லை, நேரத்தில். தோத்தாபுரி சீசன் சில வாரம்தான். ஈரத்தோலைக் குவித்து ஒரு நாள் விட்டால் அதிலுள்ள நொதியே பெக்டினை வெட்டிவிடும். பருப்பில் பூஞ்சை பிடிக்கும். எனவே ஒவ்வொரு கூழ் ஆலையும் பெக்டின் எந்திரம் வாங்குவது வீண். ஆவியில் காட்டி உடனே உலர்த்தும் வசதியை ஆலைகள் சேர்ந்து போட்டு, காய்ந்த தோலை ஆண்டு முழுதும் விற்பதுதான் இப்போதைக்குப் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம்.

15. பச்சை ஹைட்ரஜன் வந்தா யூரியாவும் பச்சையாயிடுமா?

முழுதாக ஆகாது. யூரியாவுக்குள் கரி (கார்பன்) இருக்கிறது. 1 டன் யூரியாவுக்கு 567 கிலோ அமோனியாவும் 733 கிலோ கரியமில வாயுவும் வேண்டும். இன்று இரண்டுமே இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கின்றன. ஹைட்ரஜனைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரிலிருந்து எடுத்தால் (அதுதான் பச்சை ஹைட்ரஜன்) கரியமில வாயுவை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். சர்க்கரை ஆலை எத்தனால் நொதிக்கும்போது வருவது நல்ல மூலம். யூரியாவை வயலில் போட்ட பிறகு அந்தக் கரியமில வாயு எப்படியும் காற்றில் போகும்.

விலையையும் பாருங்கள். 45 கிலோ மூட்டைக்கு சுமார் 4.5 கிலோ ஹைட்ரஜன். கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் என்றால் மூட்டைக்கு ஏறக்குறைய 230 யூனிட். யூனிட் 4 ரூபாய் என்று வைத்தாலும் 900 ரூபாய் மின்சாரத்துக்கே. மானியத்தில் மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தொடங்கியது இந்த இடைவெளியைச் சுருக்கத்தான். அதுவரை விவசாயி கையிலிருப்பது, ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதும், மண்ணுக்குள் மூடுவதும்.

16. ஐரோப்பாவுக்கு போல்ட் அனுப்பறோம். கார்பன் வரி எங்க பிளேட்டிங் மேலயும் விழுமா?

எஃகு போல்ட், நட்டு, திருகு ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரிப் பட்டியலில் உள்ளன. 2026 ஜனவரி முதல் அது முழு நடைமுறைக்கு வந்தது. ஆனால் உங்கள் பிளேட்டிங் தொட்டியின் பங்கு அதில் மிகச் சிறியது. பெரும்பகுதி கம்பி உருக்கிய ஆலையினுடையது. அடுத்தது உங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் எரியும் எண்ணெய் அல்லது எரிவாயு. எனவே கம்பி வாங்கும்போதே ஆலையின் உமிழ்வுச் சான்றைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் வாங்குபவர் உயர்ந்த இயல்பு மதிப்பை (உண்மைக் கணக்கு இல்லாதபோது வைத்துக்கொள்ளும் அளவை)ப் போட்டுக்கொள்வார். நல்ல கம்பி வாங்கியும் பலன் இராது.

17. நாங்க சின்னப் பட்டறைங்க. கையில லட்ச ரூபாதான் இருக்கு, எதுல ஆரம்பிக்கறது?

எந்திரம் வாங்காதீர்கள். ஒவ்வொரு கழுவும் தொட்டிக் குழாயிலும் தண்ணீர் மீட்டர், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை உணர்த்தும் கையடக்கக் கடத்துதிறன் மானி ஒன்று, பிஎச் மானி ஒன்று, ஒரு தராசு. அதன் பிறகு எதிர்த்திசைக் குழாய் இணைப்பு. பழைய தொட்டியின் நடுவே தடுப்பு வைத்தே இரண்டாக்கலாம். ஷிஃப்ட் முடியும்போது மீட்டர் எண், கடைசித் தொட்டியின் கடத்துதிறன், அன்று சேர்த்த ரசாயனத்தின் எடை மூன்றையும் தொட்டிக்காரரே சுவரிலுள்ள பலகையில் எழுதட்டும். கடத்துதிறன் எந்த அளவைத் தாண்டினால் பாகத்தில் கறை வருகிறது என்பது இரண்டு வாரத்தில் அவருக்கே தெரிந்துவிடும். அந்த அளவுக்கு ஏற்ப வால்வைத் திருகி, அங்கேயே பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.